இருசக்கரத் தூதுவரும் அவர்தம் இல்லத்தாரும்

தோற்றுவாய்

தூது என்னும் சொல்லைக் கேட்ட அளவில், தமிழ் பயில்வார் உள்ளத்து இரண்டு செய்திகள் எழும். ஒன்று, அரசரிடை நிகழும் தூது. மற்றொன்று, காதலரிடை நிகழும் தூது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் சென்றது முன்னதற்குச் சான்று. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்னும் பத்தினையும் விடுத்துப் பாடும் சிற்றிலக்கியங்கள் பின்னதற்குச் சான்று. இத்தூது நூல்களில் அழகிய மரபு ஒன்று உண்டு. தலைவி தன் செய்தியை எடுத்த எடுப்பிலே கூறிவிடுவதில்லை. தூது செல்லும் பொருளின் பெருமையை முதற்கண் விரித்துப் பாராட்டுவாள். அதன் பின்னரே தான் சொல்லக் கருதியதைச் சொல்வாள். செய்திக்கு முன் செய்தி சுமப்பாரைப் போற்றுவது நம் முன்னோர் கொண்ட முறை.

இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களிலும் அப்பத்தினுள் அடங்காத தூது ஒன்று தோன்றியது. மோட்டார் சைக்கிளில் ஏறி, தோற்பையில் ஓலை சுமந்து, ஒரு பாசறையினின்று மற்றொரு பாசறைக்கு இரவும் பகலும் விரைந்த படைவீரரே அத்தூதுவர். ஆங்கிலர் இவரை 'டெஸ்பாட்ச் ரைடர்' என்பர். இக்கட்டுரையில் யாம் இவரைத் 'தூதுவீரர்' என்று வழங்குவோம். இவர் சுமந்த கட்டளைகள் வரலாற்று நூல்களில் இடம் பெற்றன. சுமந்தவர் பெயர்களோ பெரும்பாலும் இடம் பெற்றில. இவர் யார், இவர் செய்த தொழில் யாது, எய்திய இடர் யாது, இவரை நினைந்து வாழும் இல்லத்தார் கையில் எஞ்சியது யாது என்பவற்றை, சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தை மனத்திற்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் சைக்கிள் போர்க்களம் புகுந்த வரலாறு

இந்தியப் படையில் செய்தி அனுப்புதற்கென்று தனிப்பிரிவு 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கப் பெற்றது. இன்று 'சிக்னல்ஸ்' என்று வழங்கும் படைப்பிரிவு அந்நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகின்றது. மூன்று ஆண்டு கழித்து, 1914 ஆகஸ்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. அப்பொழுது தந்தியும் டெலிபோனும் கம்பியில்லாத் தந்தியும் வழக்கிற்கு வந்திருந்தன. அங்ஙனமாயின் மனிதன் ஏன் ஓலை சுமந்து ஓட வேண்டும் என்று வினவுவார் உளர். விடை எளிதே.

கம்பி வழிச் செல்லும் செய்தி, ஒரு குண்டு விழுந்து கம்பி அறுந்த மாத்திரத்தில் நின்றுவிடும். கம்பியின்றி வானில் விடுக்கும் செய்தியையோ பகைவனும் கேட்பான். 1914 ஆகஸ்டில் தன்னன்பெர்க் என்னுமிடத்தில் உருசியப் படைகள் தம் கட்டளைகளை மறைமொழியில் எழுதாது வெளிப்படையாகக் கம்பியில்லாத் தந்தியில் விடுத்தன. ஜெர்மானியர் அவற்றைக் கேட்டறிந்து அப்படையைச் சூழ்ந்து அழித்தனர். அன்றியும், நிலப்படத்தையும் நீண்ட ஆணைப் பத்திரத்தையும் கம்பி வழியே அனுப்புதல் அக்காலத்து எளிதன்று. பெருந்தாக்குதல் தொடங்குமுன் ஓசையின்றி இருக்க வேண்டிய நாட்களில் வானொலிக் கருவிகள் வாய்மூடும். அந்நாட்களில் எல்லாச் செய்தியும் தூதுவீரர் கையிலேயே சென்றன. குதிரை களைப்படையும், கார் பெரிது, சேற்றிலும் நெரிசலிலும் அகப்பட்டுக் கொள்ளும். இரண்டிற்கும் இடைப்பட்ட மோட்டார் சைக்கிளே தக்கதாயிற்று.

போர் தொடங்கிய முதல் வாரங்களில் ஆங்கிலப் படைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் விரைவில் வேண்டப்பட்டனர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் மாணவர் பலர் முன்வந்தனர். அவர்களுக்குக் 'கார்ப்பொரல்' பதவி தந்து பிரான்சிற்கு அனுப்பினர். நேற்றுவரை நூலகத்தில் இருந்த இளைஞர் இன்று குண்டு மாரிக்கிடையே ஓலை சுமந்தனர். அவருள் வாட்சன் என்னும் ஆக்ஸ்போர்டு மாணவர் தம் அனுபவங்களை நூலாக எழுதி 1915-இல் வெளியிட்டார். அவர்க்குப் பேனா இருந்தது, பதிப்பிப்பார் இருந்தனர், ஆதலின் அவர் பெயர் நின்றது. அதே போரில் 1914 செப்டம்பரில் மார்சேல்ஸ் துறையில் இறங்கிய இந்தியப் படையினரின் சொற்கள் நமக்குக் கிடைத்த வழி வேறு. அவர்கள் வீட்டிற்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வைத்தனர். அம்மொழிபெயர்ப்புக்களே இன்று லண்டனில் எஞ்சியுள்ளன. ஐயுற்றுப் படித்தவரே ஆவணம் காத்தவர் ஆனது காலத்தின் விந்தை!

அப்போரில் டிரயம்ப் கம்பெனியாரின் 'எச்' என்னும் வண்டி ஏறத்தாழ 30,000 அளவில் நேசப் படைகளுக்கு வழங்கப் பெற்றது. சில வேளைகளில் தூதுவீரர் முதுகில் புறாக் கூடையைக் கட்டிக்கொண்டு முன்னணிக்குச் செல்வர். அங்கிருந்து செய்தி தாங்கிய புறாக்கள் பறந்து திரும்பும். பறவைவிடு தூதும் பொறிவிடு தூதும் ஒரே முதுகில் ஒன்றுபட்ட காட்சி அது.

தொழில் முறை

இரண்டாம் உலகப்போரில் இத்தொழில் மேலும் விரிந்தது. பி.எஸ்.ஏ. எம்-20 என்னும் வண்டி மட்டும் 1,26,000 அளவில் செய்யப் பெற்றது. நார்ட்டன் 16-எச் என்பதும் அதற்கு இணையாக வழங்கியது. ராயல் என்பீல்டு கம்பெனியார் 125 சி.சி. திறனுடைய சிறுவண்டி ஒன்றைச் செய்து, குழாய்ச் சட்டத்தில் அடைத்து, பாரசூட்டில் கட்டி விமானத்தினின்று இறக்கினர். 1944-இல் ஆர்னம் போரில் அவ்வாறு இறக்கப்பெற்ற வண்டியைப் 'பறக்கும் தெள்ளு' என்று படையினர் வேடிக்கையாக அழைத்தனர்.

தூதுவீரர் தொழில் நடந்தவாறு இது. ஒவ்வொரு படைத் தலைமையிடத்தும் ஒரு சிக்னல் ஆபீசு இருக்கும். அங்குச் செய்திகள் உறையிலிட்டு ஒட்டப்பட்டு, அவசரத்தின் அளவு மேலே குறிக்கப்படும். பொதுவான கடிதங்களுக்கு அஞ்சற்காரர் போலக் குறித்த நேரத்தில் குறித்த வழியே சுற்றி வருவார் ஒரு சாரார். மிக அவசரமானவற்றை உடனே சுமந்து தனியே செல்வார் மற்றொரு சாரார். உறையைப் பெற்ற நேரமும் சேர்ப்பித்த நேரமும் எழுதப்படும். பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட வேண்டும். உறையினுள் என்ன உள்ளது என்பது சுமப்பவர்க்குத் தெரியாது. பகைவர் கையிற் சிக்க நேர்ந்தால் தம் உயிருக்கு முன் ஓலையை அழித்தல் வேண்டும். நீலமும் வெண்மையுமான கைப்பட்டை இவர்க்கு அடையாளம். சிக்னல் வழக்கில் 'டி' என்னும் எழுத்தை 'டான்' என்று ஒலிப்பராதலின், படையினர் இவரை 'டான் ஆர்' என்றே கூவி அழைப்பர்.

தூது என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தன் உயிர்க்கு இறுதி வருவதாயினும் அஞ்சாது தலைவனுக்கு நன்மை தேடுபவனே தூதன் என்னும் கருத்தை வைத்து முடிக்கின்றார். அவர் கருதிய தூதன் சொல்வன்மை உடையவன். அரசவையில் நின்று பேசுபவன். தூதுவீரனோ ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. உறையை நீட்டிக் கையொப்பம் பெற்றால் போதும். எனினும் உயிரைப் பணயமாக வைத்தல் என்னும் ஒன்றில் இருவரும் ஒருவரே.

இடரும் அதனால் விளைந்த நன்மையும்

இவர்க்கு நேர்ந்த இடர்களுள் பகைவன் குண்டு ஒன்று மட்டுமே. வானத்திலிருந்து காணாதிருத்தற்பொருட்டு வண்டி விளக்கை மறைத்து, நூலிழை போன்ற ஒளியில் இருட்டில் ஓட்ட வேண்டும். எதிரே வரும் லாரி தெரியாது. சாலையில் விழுந்த குழி தெரியாது. சாலையின் குறுக்கே பகைவர் கட்டிய மெல்லிய கம்பி கழுத்தளவில் காத்திருக்கும். வட ஆப்பிரிக்காவில் புழுதி கண்ணை மறைக்கும். பர்மா எல்லையில் மழைக்காலத்துச் சேறு சக்கரத்தை விழுங்கும். உறங்காது ஓட்டிய ஓட்டத்தில் கண் அயர்ந்து வீழ்ந்தாரும் உளர். போரில் மாண்டார் என்று எழுதப் பெற்றாருள், பகைவன் முகத்தையே காணாது சாலையில் மாண்டார் பலர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடரிலிருந்து உலகிற்கு ஒரு பெருநன்மை விளைந்தது. அதனைச் சற்று விரித்துக் கூறுவோம். அரபு நாட்டுப் போரில் புகழ் பெற்ற லாரன்ஸ் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவற்றுக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர். அவ்விளம் உயிர் காக்கக் கூடாது போனமை அவர் நெஞ்சைத் தைத்தது. போர் வந்தபின் தலையுடைந்த தூதுவீரர் பலர் அவர் மருத்துவமனைக்கு வந்தனர். அவர் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்றாரும் பின்னே அமர்ந்தாரும் ஆக 2,279 பேர் சாலை விபத்தில் மாண்டனர் என்பதையும், தலைக்கவசம் அணிந்தார்க்கு உற்ற காயம் மெல்லியது என்பதையும் 1941-இல் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் படையில் பணிமேற் செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர் அனைவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. பிரிட்டனில் பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 வரை ஆயிற்று. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அதனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையை அடுத்து, 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுவாரும் பின்னமர்வாரும் அதனை அணிதல் வலியுறுத்தப் பெற்றது.

இன்று பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் காலை வேளையில் செல்லும் இருசக்கர வண்டிகளை எண்ணி முடியாது. அவற்றில் செல்வோர் தலைமேல் உள்ள கவசம், பெயரறியாத் தூதுவீரர் தம் உடைந்த தலைகளால் நமக்கு ஈட்டித் தந்த கொடை. போலீசாருக்கு அஞ்சி அதனை அணிவாரும், கைப்பிடியில் மாட்டிச் செல்வாரும் இதனை அறிந்தால், அதனை வேறு கண்கொண்டு நோக்குவர் என்பது எம் துணிபு.

மேற்குப் புறநகரும் படையும்

இனி நம் வட்டாரத்தை நோக்குவோம். பூவிருந்தவல்லி பழைய நாளிலேயே கும்பினியாரின் படை தங்கிய ஊர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவடியில் பெரிய படைத்தளம் எழுந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும், விசாகப்பட்டினம் காக்கிநாடாத் துறைகளிலும் குண்டு வீசினர். அம்மாதத்தில் சென்னை மக்கள் வண்டி வண்டியாக நகரை விட்டு நீங்கினர். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிச் சென்றது. போர் என்பது பத்திரிகையிற் படிக்கும் பொருளாக மட்டும் இல்லாது, நம் வாயிலுக்கே வந்த காலம் அது.

அப்போரில் இந்தியப் படையில் சேர்ந்தார் தொகை ஏறத்தாழ 25 லட்சம். சென்னை மாகாணத்தார் போர்த்திறம் குறைந்தவர் என்று கருதி, முதற்போருக்குப் பின் இங்குள்ள காலாட்படைகளைக் கலைத்திருந்த சர்க்கார், இப்பொழுது அவர்களைத் தேடி வந்தனர். எழுத்தறிவும் கைத்தொழிற் பயிற்சியும் உடையார் இங்கு மிக்கிருந்தமையால், சிக்னல், பொறியியல், போக்குவரத்து, தளவாடம் முதலிய பிரிவுகளில் தென்னாட்டார் மிகுதியாகச் சேர்ந்தனர். வீட்டிற்குக் கிடைத்தது பட்டாள அஞ்சல் நிலையத்தின் எண் ஒன்றே. மகன் இருக்குமிடம் ஆப்பிரிக்காவா, பர்மாவா என்பது பெற்றோர் அறியார். மாதந்தோறும் வரும் மணியார்டர் ஒன்றே அவன் உயிரோடிருத்தற்குச் சான்று. தந்திக்காரன் தெருவில் நுழைந்தால் வீடுதோறும் நெஞ்சு துடிக்கும். பிறர்க்குச் செய்தி சுமந்தவன் வீட்டார் செய்தியின்றி வாடினர்.

போர் முடிந்தபின் படைத்தொழில் இவ்வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை. 1961-இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. தூதுவீரர் ஊர்ந்த வண்டியும் சென்னையையே புகலாகக் கொண்டது. 1950-களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்கென இந்தியப் படை என்பீல்டு 'புல்லட்' வண்டிகளை வேண்டிப் பெற்றது. அதன் பயனாக 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாருடன் கூடி 'என்பீல்டு இந்தியா' உருவாகி, நகரின் வடபால் திருவொற்றியூரில் தொழில் தொடங்கிற்று. இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி மறைந்தபின்னும் சேய்க் கம்பெனி வாழ்கின்றது. குடியரசு நாள் அணிவகுப்பில் சிக்னல் படையினர் ஓடும் மோட்டார் சைக்கிள்மேல் கோபுரம் போல் அடுக்கி நின்று செல்லும்போது மக்கள் கைதட்டி ஆரவாரிக்கின்றனர். அவ்வித்தையின் வேர், இருட்டில் தனியே ஓட்டிச் சென்ற தூதுவீரனிடத்து உள்ளது என்பதை நினைவார் சிலரே.

பெயர் என்னும் பொருள்

விவிலியத்தில் இரண்டாம் சாமுவேல் ஆகமத்தில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. அப்சலோம் மாண்ட செய்தியை அவன் தந்தை தாவீதுக்கு அறிவிக்க இருவர் ஓடுகின்றனர். ஒருவன் ஆசாரியன் மகன் அகிமாஸ், மற்றவன் கூஷி. விரைந்து முன்னே வந்த அகிமாஸ், வெற்றியைச் சொல்லி மைந்தன் சாவை மறைக்கின்றான். பின்னே வந்த கூஷியே அத்துயரச் செய்தியைச் சொல்லும் சுமையை ஏற்கின்றான். இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கூஷி என்பது கூஷ் நாட்டான் என்றே பொருள்படும். அஃது அவன் பெயரன்று, அவன் நாட்டுப் பெயர். எளிய செய்தி சொன்னவனுக்குப் பெயரும் குலமும் கிடைத்தன. அரிய செய்தி சொன்னவனுக்கு நாடு மட்டுமே கிடைத்தது.

போர் நினைவுச் சின்னங்களிலும் இவ்வேற்றுமை புகுந்தது. முதற்போருக்குப் பின் மாண்டார் அனைவரையும் பதவி வேறுபாடின்றி ஒரே தன்மையாய்ப் பெயர் பொறித்துப் போற்றுவது என்று போர்க் கல்லறைக் கழகத்தார் கொள்கை வகுத்தனர். பிரான்சில் நவ் ஷாப்பெல் என்னுமிடத்து 1927-இல் எழுந்த சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர் நினைவு போற்றப்படுகின்றது. ஆயின், 1929-இல் பஸ்ராவில் எழுந்த சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர் பொறிக்கப்படவில்லை. இன்ன படையில் இத்துணைப் பேர் என்று எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் அக்கழகத்தார் தாமே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர் சமமின்றி நினைவுகூரப் பெற்றனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சுட்டப்படாமலோ, முற்றும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தனர். கூஷியின் கதை அன்றோடு முடியவில்லை.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுத்தார். கல்லைத் தேர்ந்தெடுத்து, நீராட்டி, பெயரும் புகழும் பொறித்து நட்டுப் போற்றிய இனம் நம் இனம். கல் இருந்தும் பெயர் இல்லையெனின் அது நடுகல் ஆகாது, வெறுங்கல்லே ஆம்.

பூவிருந்தவல்லியினின்று பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில் நந்தம்பாக்கத்தில் சென்னைப் போர்க் கல்லறை உள்ளது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல இடங்களிற் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க்காலக் கல்லறைகளை ஓரிடத்துச் சேர்த்துக் காப்பதற்காக 1952-இல் இஃது அமைக்கப்பட்டது. இங்கு 850-க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். முதற்போரில் மாண்டு, கல்லறை காக்க இயலாது போன 1,000-க்கு மேற்பட்டோர் பெயர் தாங்கிய சின்னமும் இதனுள் உள்ளது. பேருந்தில் அவ்வழிச் செல்வோர் பலர் அதனைப் பூங்கா என்றே எண்ணுவர். யாம் தோழர் சிலருடன் சென்று கண்டோம். கற்களில் பொறித்த அகவையைப் படித்துக்கொண்டு போகப் போக எம்மிடையே பேச்சு நின்றது. இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது. எம் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் படிப்பது போன்றிருந்தது.

இத்தகைய கல்லறைகளில் இறந்தார் வீட்டார் விரும்பும் ஒரு தொடரைக் கல்லில் பொறிக்க இடம் தரப்பட்டது. முதற்போரின்பின் விதிக்கப்பெற்ற அளவு 66 எழுத்து. சொற்களுக்கு இடைப்பட்ட வெளியும் அதனுள் அடக்கம். ஒரு மகனைப் பற்றி 66 எழுத்தில் சொல்லி முடி என்றால் தாய் எதைச் சொல்வாள், எதை விடுவாள்! நம் நாட்டவர் பலர்க்கு அவ்வளவும் கிடைக்கவில்லை. எரியூட்டப் பெற்றார்க்கும் உடல் கிடைக்காதார்க்கும் தனிக்கல் இல்லை. ரங்கூனை அடுத்த தவுக்கியானில் ஏறத்தாழ 27,000 பெயர்களும், சிங்கப்பூரில் கிராஞ்சியில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்களும் தூண்களிலும் சுவர்களிலும் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தேடி இங்கிருந்து கடல் கடந்து செல்வது எத்துணைக் குடும்பத்தார்க்கு இயலும்?

இல்லத்தார் காக்கும் சான்று

ஈண்டு யாம் சொல்லக் கருதிய முதன்மைக் கருத்திற்கு வருகின்றோம். தூதுவீரர் என்பது பதவிப் பெயரன்று, தொழிற்பெயர். கல்லிலும் பதிவேட்டிலும் 'சிக்னல்மேன்', 'சிப்பாய்', 'நாயக்' என்ற பதவியும், எண்ணும், படைப்பிரிவும், இறந்த நாளும் இருக்கும். அவர் கம்பி இழுத்தவரா, கருவி முன் அமர்ந்தவரா, மோட்டார் சைக்கிளில் ஓலை சுமந்தவரா என்பது அதில் இராது. ஆகவே, சர்க்கார் காப்பது பெயரை. இல்லத்தார் காப்பது வாழ்வை. 'எங்கள் பாட்டனார் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்' என்று ஒரு வீட்டில் வழங்கும் அவ்வொரு வாக்கியம், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வரலாறு. அதனைப் பாட்டி கதை என்று தள்ளுதல் பிழை.

அவ்வாக்கியத்திற்குத் துணையாக வீட்டில் எஞ்சியிருப்பன சிலவே: சுவரில் தொங்கும் உடுப்பணிந்த போட்டோ, டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்த விடுவிப்புச் சான்றிதழ், நாடா மங்கிய பதக்கம். பதக்கத்தின் முகத்தை எல்லாரும் நோக்குவர். விளிம்பை நோக்குவார் அரியர். பிரிட்டிஷ் வீரர்க்கு வழங்கிய இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்திய வீரர்க்கு வழங்கியவற்றிலோ பெரும்பாலும் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப் பெற்றன. கல்லில் மறுக்கப்பட்ட பெயர் சிலர்க்கு வெண்கலத்திலும் வெள்ளியிலும் கிடைத்திருக்கின்றது. அவ்வெண் ஒன்று தெரிந்தால் பிற வழிகள் திறக்கும். சிக்னல் படையினரின் பதிவுகளைக் காக்கும் அலுவலகம் ஜபல்பூரிலும், சென்னைப் பொறியியற் படையினருடையது பெங்களூரிலும் உள்ளன. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. போரில் மாண்டாரின் பெயர்களைக் கல்லறைக் கழகத்தாரின் இணையப் பதிவேட்டில் எவரும் தேடலாம். பலர் பெயரின்கீழ்த் தந்தை பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளன.

தேடுவார் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் தோன்றியது. ஆகவே பழைய பதிவில் ஜில்லாவின் பெயரை அவ்வாறே தேட வேண்டும். மற்றொன்று, எழுதிய குமாஸ்தாவின் காதிற்கு எட்டியவாறே நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரையப்பட்டன. முனுசாமி என்னும் ஒரு பெயர் நான்கைந்து வடிவில் வரும். ஒரு வடிவில் காணாதவர் மறு வடிவில் இருக்கலாம். மனம் தளர்தல் கூடாது.

சொல்லாத துயரும் உண்டு. போரினின்று திரும்பிய முதியவர் பலர் தாம் கண்டதைப் பேசினாரல்லர். ஆங்கிலேயர் கொடியின்கீழ்ப் பணிபுரிந்தமையைப் பெருமையாகச் சொல்வதா, மறைப்பதா என்னும் தயக்கமும் சிலர்க்கு இருந்தது. விடுதலைப் போர் நிகழ்ந்த அதே நாட்களில் வயிற்றிற்காகவும் குடும்பத்திற்காகவும் பட்டாளத்திற் சேர்ந்தவனை வீரன் என்பதா, கூலியாள் என்பதா என்று வாதிடுவார் இன்றும் உளர். இவ்வாதத்தைத் தீர்ப்பது எம் நோக்கமன்று. தான் ஏந்திய உறையில் எழுதியதை அறியாமலே அதனைச் சேர்ப்பித்தான் அவன்; அவனை ஏவிய பேரரசின் கணக்கை அவன் தலையில் ஏற்றுதல் முறையன்று. அவனை நினைப்பது போரைப் போற்றுவதும் ஆகாது. பெயர் தெரிந்த ஒருவன் சாவே போரின் விலையை நமக்கு உணர்த்தும்; எண்ணிக்கை உணர்த்தாது.

முடிவுரை

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்தது. அன்று இருபது அகவை நிரம்பியவர் இன்று நூற்றாண்டைக் கடந்திருப்பர். அவரை நேரிற் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்தம் மக்களைக் கேட்கும் காலமே எஞ்சியுள்ளது, அதுவும் நெடிதன்று. புறநகரில் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழும் வேகத்தில், டிரங்குப் பெட்டிகளும் பழைய தாள்களும் எடைக்குப் போகின்றன. மறைந்தது கிடைக்காது என்று சோர்தலும் வேண்டா. முதற்போரிற் பணிபுரிந்த பஞ்சாபியர் 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்து, 2021-இல் உலகறிய வெளிவந்தன. பிள்ளைகளும் பேரரும் நூறாண்டின்பின் தம் ஊரின் பெயரையும் தம் முன்னோர் பெயரையும் அவற்றிற் கண்டனர்.

நம் கல்லூரி மாணவருள் அம்பத்தூரினின்றும் ஆவடியினின்றும் பூவிருந்தவல்லியினின்றும் நாள்தோறும் வருவார் பலர். பழைய மாணவருள் அவ்வூர்களில் வாழ்வாரும் பலர். அவர்களிடம் யாம் வேண்டுவது பெரிதன்று. வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியோரை அணுகி, பட்டாளத்திற்குச் சென்றார் நம் குடும்பத்தில் உண்டோ என்று கேளுங்கள். உண்டெனின், பெயர், எண், பிரிவு, ஆண்டு, செய்த தொழில் என்னும் ஐந்தையும் அவர் சொல்லுமாறே எழுதிக்கொள்ளுங்கள். பதக்கம் இருப்பின் அதன் விளிம்பைப் படியுங்கள். போட்டோவின் பின்புறத்தில் இன்னார் என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு பக்கம் நிரம்பினாலும் போதும். அவ்வொரு பக்கமே அவ்வீரனுக்குக் காட்சியும் கால்கோளும் ஆம்.

தூது நூல் பாடிய புலவர் செய்திக்கு முன் தூதைப் போற்றினர். இரு பெரும் போர்களின் செய்திகளை உலகம் எண்பது ஆண்டிற்கு மேலாகப் பேசி வருகின்றது. அவற்றைச் சுமந்தாரைப் பற்றிய பேச்சை நம் இல்லங்களிலிருந்து தொடங்குவோமாக.